முன்னே எத்தனை பேர்?

வரிசையில் நிற்பதென்பது நம் நாட்டாருக்குப் புதிய விஷயம் அன்று. ரேஷன் கடையில் நிற்கிறோம். ரயில் நிலையத்தில் டிக்கட்டுக்கு நிற்கிறோம். கோவிலில் தரிசனத்துக்கு நிற்கிறோம். அவ்வாறு நிற்கும்போது நம் மனம் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலை ஒன்று உண்டு. "நமக்கு முன்னே எத்தனை பேர்?" என்று கழுத்தை நீட்டி எண்ணிப் பார்ப்பதே அது. பதினாறு பேர் என்று கண்டதும் ஒரு பெருமூச்சு விடுகிறோம். அப்போது நாம் பதினேழாவது ஆள் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத மூதாட்டியும் இதில் தவறமாட்டாள்.

ஆனால் இதே விஷயத்தைக் காகிதத்தில் வினாவாக அச்சிட்டு, எதிரே ஒரு கடிகாரத்தையும் வைத்துவிட்டால், பட்டம் பெற்றவர்களுங்கூடத் தடுமாறுகிறார்கள். இது ஏன் என்ற கேள்வியை நம்முள் எழுப்பியது, சென்ற மாதம் நம் வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகம்.

அவள் தந்தை கைத்தறி நெய்பவர். நமக்கு நெடுநாளையப் பழக்கம். பெண் பி.எஸ்ஸி. தேறியவள். வங்கிக் குமாஸ்தா உத்தியோகத்துக்கான பரீக்ஷையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தவறியவள். இரண்டாம் முறை, எல்லையாக வைத்த மதிப்பெண்ணுக்கு இரண்டேகால் குறைந்துவிட்டது. இரண்டேகால்! கடையில் இரண்டேகால் ரூபாய் குறைந்தால் கடைக்காரர் விட்டுக்கொடுப்பார். பரீக்ஷையில் விட்டுக்கொடுப்பார் யாரும் இல்லை.

"ஐயா, இன்னும் ஒரு முறை எழுதுகிறேன். அதற்குமேல் அப்பாவின் கையை எதிர்பார்த்திருப்பது நியாயமாகாது. வரிசைக் கணக்கு எனக்கு வரவேமாட்டேன் என்கிறது. சூத்திரங்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன், ஆயினும் தப்புகிறது" என்றாள்.

"சரியான விடைகளைப் பிறகு பார்க்கலாம், அம்மா. தப்பான விடைகளை மட்டும் எடுத்துக் காட்டு" என்றோம்.

இவ்வாறு நாம் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும்.

பிழையில் கிடைத்த புதையல்

மனிதனுடைய புத்தியை வரிசைக் கணக்கால் சோதிப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். 1905-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ஆல்பிரட் பினே, தியோடர் ஸிமோன் என்னும் இருவர் குழந்தைகளின் அறிவை அளப்பதற்காக ஒரு சோதனை வரிசையை வெளியிட்டார்கள். அதில் ஐந்து சிறு பெட்டிகள் வரும். ஐந்தும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எடையோ 3, 6, 9, 12, 15 கிராம். கையால் தூக்கிப் பார்த்து, கனத்தின்படி அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். இன்று நம் இளைஞர்கள் கம்ப்யூட்டர் திரையில் காணும் வரிசைக் கணக்கின் பாட்டியார் இந்தப் பெட்டிகள்தாம் என்று சொல்லலாம்.

பிறகு லண்டனில் சிரில் பர்ட் என்பவர், பெட்டிகளை விலக்கிவிட்டுச் சொற்களாலேயே அத்தகைய சோதனைகளை அமைத்தார். மூன்று பெண்களின் கூந்தல் நிறத்தை இரண்டிரண்டாக ஒப்பிட்டுச் சொல்லி, மூவரில் மிகவும் கறுத்த கூந்தலை உடையவள் யார் என்று கேட்பது அவற்றுள் ஒன்று. இந்தச் சோதனைகளைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏற்றவாறு சீர்செய்யும் பணி, பினே காலமான பிறகு, ஜீன் பியாஜே என்ற ஸ்விட்ஸர்லாந்து இளைஞருக்கு வந்து சேர்ந்தது. எத்தனை குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள் என்று கணக்கெடுப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. அவர் மனமோ தப்பாகச் சொன்ன குழந்தைகளின்மீது சென்றது. அவர்கள் ஏன் தப்பினார்கள், எல்லாரும் ஏன் ஒரே மாதிரி தப்பினார்கள் என்று ஆராய்ந்தார். "இவள் கூந்தல் அவள் கூந்தலைவிட வெளுப்பு" என்றால், சிறு குழந்தைகள் அதை "இவள் கூந்தல் வெளுப்பு" என்றே எடுத்துக்கொண்டன என்று கண்டார். ஒருத்தியோடு ஒப்பிட்டால் வெளுப்பாயிருப்பவள், மற்றொருத்தியோடு ஒப்பிட்டால் கறுப்பாயிருக்கலாம் என்பது அவற்றுக்கு எட்டவில்லை. குழந்தை மனத்தைப் பற்றிப் பிற்காலத்தில் உலகம் போற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

ஆகவே, பிழை என்பது வெட்கப்படுவதற்கு உரியதன்று; படித்துப் பார்ப்பதற்கு உரியது.

நான்கு பிழைகள்

அப்பெண் காட்டிய மாதிரித் தாள்களில் பிழைகள் பல இருந்தன. ஆயினும் அவற்றை நான்கு இனங்களில் அடக்கிவிடலாம். இனத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் மேலிருந்து 11-வது, கீழிருந்து எத்தனையாவது? அவள் எழுதியது 29.

இரண்டாவது: ஒரு வரிசையில் ஒருவன் இடக்கோடியிலிருந்து 17-வது, வலக்கோடியிலிருந்து 24-வது; மொத்தம் எத்தனை பேர்? அவள் எழுதியது 41.

மூன்றாவது: 45 பேர் உள்ள வகுப்பில் பெண்களின் தொகை ஆண்களின் தொகையைப்போல் இரு மடங்கு. ஒரு பையன் மேலிருந்து 14-வது. அவனுக்கு முன் எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அவனுக்குப் பின் எத்தனை பையன்கள்? அவள் எழுதியது 10.

நான்காவதைப் பிறகு பார்ப்போம். இந்த மூன்றுக்கும் விடை முறையே 30, 40, 9. நேயர்கள் கவனித்திருப்பார்கள்: ஒவ்வொன்றிலும் பிழை ஒன்றே ஒன்றுதான். ஓரிடத்தில் ஒன்று குறைவு. மற்ற இரண்டிடத்தில் ஒன்று அதிகம்.

"குழந்தாய், இந்த மூன்று கணக்கிலும் நீ ஓர் ஆளையே தவறவிட்டிருக்கிறாய். அந்த ஆள் யார் தெரியுமா?" என்று கேட்டோம். அவள் விழித்தாள். "கணக்கின் கதாநாயகன்தான்!" என்றோம்.

முதற்கணக்கில், மேலிருந்து 11-வது என்றால் அவனுக்குக் கீழே 29 பேர். இதுவரையில் அவள் செய்தது சரியே. ஆனால் வினா, அவனுக்குக் கீழே எத்தனை பேர் என்பதன்று; அவன் கீழிருந்து எத்தனையாவது என்பதே. 29 பேரைத் தாண்டி நிற்பவன் முப்பதாவது ஆள். கதாநாயகனை அவள் எண்ணவே இல்லை.

இரண்டாவதில் அவனை இரண்டு தடவை எண்ணிவிட்டாள். இடக்கோடியிலிருந்து எண்ணி வந்த 17 பேரில் அவனும் ஒருவன். வலக்கோடியிலிருந்து எண்ணி வந்த 24 பேரிலும் அவன் ஒருவன். ஆகையால் இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 17 + 24 − 1 = 40.

மூன்றாவதில், ஆண்கள் 15, பெண்கள் 30. பதினான்காவது ஆளுக்கு முன் 13 பேர். அவர்களில் பெண்கள் எட்டு. ஆகவே பையன்கள் ஐந்து. பதினைந்தில் ஐந்து போகப் பத்து என்று அவள் நிறுத்திவிட்டாள். அந்தப் பத்தில் கதாநாயகனும் அடங்கியிருக்கிறான். அவன் தனக்குத் தானே பின்னால் நிற்க முடியுமா? அவனையும் நீக்கினால் ஒன்பது.

"சூத்திரம் எனக்குத் தெரியுமே, ஐயா! ஓரிடத்தில் ஒன்றைக் கூட்டவேண்டும், ஓரிடத்தில் ஒன்றைக் கழிக்கவேண்டும். எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பதுதான் பரீக்ஷை அறையில் மறந்துபோகிறது" என்றாள்.

மறந்துதான் போகும். காரணம் தெரியாமல் மனனம் செய்தது, மனம் கலங்கும் வேளையில் கைவிட்டுவிடும். ஆதலின் சூத்திரத்தை அடியோடு விட்டுவிட்டு, ஒரே ஒரு பழக்கத்தை மேற்கொள்ளும்படி சொன்னோம். 'எத்தனையாவது' என்ற சொல்லைக் கண்டால் அதை உடனே 'முன்னே எத்தனை பேர்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 17-வது என்றால் முன்னே 16 பேர். 24-வது என்றால் அந்தப் பக்கத்தில் 23 பேர். இரண்டு பக்கத்து ஆட்களையும் கூட்டி, நடுவில் நிற்கும் கதாநாயகனையும் சேர்த்தால் 16 + 23 + 1 = 40. கழித்தலே வேண்டாம். யாரும் இரண்டு தடவை எண்ணப்படவும் மாட்டார், விட்டுப்போகவும் மாட்டார். ரேஷன் கடை மூதாட்டி செய்வது இதைத்தானே!

பந்தல் போடுகிறவர்களுக்கும் இந்த இரகசியம் தெரியும். ஒரே நேராகப் பத்துக் கால் ஊன்றினால் இடைவெளி ஒன்பதே. கால்களை எண்ணுகிறோமா, இடைவெளிகளை எண்ணுகிறோமா என்று தெளிந்துகொண்டால், ஒன்று கூடுவதும் குறைவதும் தாமே ஒழுங்குபடும்.

இதைச் சொன்னபோது அப்பெண் சிரித்தாள். "அப்பாவும் தறியில் இதையே சொல்லுவார். இழை எண்ணும்போது, 'தொடங்கின இழையைச் சேர்த்தாயா?' என்று கேட்பார்" என்றாள். வீட்டில் இருந்த ஆசிரியரை விட்டுவிட்டு அவள் கடையில் விற்கும் புத்தகத்தைத் தேடிப் போயிருக்கிறாள்!

போதாத செய்தி

இனி நான்காவது. ஒரு வரிசையில் ராமு இடக்கோடியிலிருந்து 12-வது. வேலு வலக்கோடியிலிருந்து 15-வது. இருவருக்கும் நடுவில் நான்கு பேர். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? அவள் எழுதிய விடை 31.

12, 4, 15 இம்மூன்றையும் கூட்டினால் 31 என்பது உண்மையே. ராமு இடப்புறமும் வேலு வலப்புறமும் நிற்பதாக வைத்துக்கொண்டால் இது சரி. ஆனால் அவ்வாறுதான் நிற்கிறார்கள் என்று வினாவில் யார் சொன்னார்கள்? வேலு இடப்புறமும் ராமு வலப்புறமும் நிற்கக்கூடாதா? நிற்கலாம். அப்போது ராமு 12-ம் இடத்தில் இருக்க, நடுவே 8, 9, 10, 11 ஆகிய இடங்களில் நான்கு பேர் நிற்க, வேலு 7-ம் இடத்தில் நிற்பான். இடமிருந்து ஏழாவதாக நிற்கும் அவன் வலமிருந்து 15-வது என்பதால், முன்னே ஆறு பேர், பின்னே 14 பேர், அவன் ஒருவன், ஆக 21.

எனவே விடை 31 ஆகலாம், 21-ம் ஆகலாம். குறைந்தபட்சம் எத்தனை என்று கேட்டிருந்தால் 21. அதிகபட்சம் என்று கேட்டிருந்தால் 31. வெறுமனே எத்தனை என்று கேட்டால், "கொடுத்த செய்தி போதாது" என்பதே விடை. வினாத்தாளில் ஐந்தாவது விடையாக அது அச்சிடப்பட்டும் இருந்தது. அப்பெண் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. "போதாது என்று எழுதினால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடாதா?" என்று அவள் கேட்டாள்.

ஆகாது. தெரியவில்லை என்பது வேறு. தெரிந்துகொள்ள வழியில்லை என்று தெரிந்திருப்பது வேறு. முன்னது அறியாமை, பின்னது அறிவு. ஆனால் இதைச் சோம்பலுக்குப் போர்வையாகக் கொள்ளலாகாது. "போதாது" என்று எழுதுவதற்கு முன், செய்திகள் அனைத்துக்கும் பொருந்தி, ஆயினும் வெவ்வேறு விடை தரும் இரண்டு வரிசைகளைக் காகிதத்தில் போட்டுக் காட்ட முடிய வேண்டும். முடிந்தால் எழுதலாம், முடியாவிட்டால் இன்னும் ஒரு முறை யோசிக்க வேண்டும்.

யார் உயரம்?

எண் இல்லாமல், ஆட்களை ஒப்பிடும் செய்திகளை மட்டும் கொடுக்கும் கணக்குகளும் உண்டு. பின்வருவதைப் பாருங்கள்.

செல்லம் ராமுவைவிட உயரம், வேலுவைவிடக் குட்டை. மீனாக்ஷி ராமுவைவிடக் குட்டை. கோதண்டம் செல்லத்தைவிட உயரம். வேலு எல்லாரிலும் உயரமானவன் அல்லன். ஐவரையும் உயரத்தின்படி நிறுத்துக.

இதை மனத்திலேயே போட்டுப் பார்ப்பது, தலையில் நான்கு குடங்களை ஏற்றிக்கொண்டு நடப்பது போன்றது. காகிதத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். உயரமானவர் மேலே, குட்டையானவர் கீழே. முதற்செய்தியால் வேலு, செல்லம், ராமு என மேலிருந்து மூவர் அமைகிறார்கள். இரண்டாவது செய்தியால் மீனாக்ஷி ராமுவுக்கும் கீழே போகிறாள். மூன்றாவது செய்தியால் கோதண்டம் செல்லத்துக்கு மேலே வருகிறான். ஆனால் வேலுவுக்கு மேலேயா கீழேயா என்பது தெரியவில்லை. இங்கே அவசரப்பட்டு ஓரிடத்தில் எழுதிவிடக்கூடாது. செல்லத்துக்கு மேலே, கோட்டுக்குப் பக்கத்தில், ஒதுக்கி எழுதி வையுங்கள். கடைசிச் செய்தி வந்தவுடன், வேலுவுக்கு மேலே ஒருவர் இருந்தாக வேண்டும். அது கோதண்டம் ஒருவனாகவே இருக்க முடியும். ஆகவே வரிசை: கோதண்டம், வேலு, செல்லம், ராமு, மீனாக்ஷி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசிச் செய்தியை அடித்துவிட்டு, நடுவில் நிற்பவர் யார் என்று மட்டும் கேட்டால் என்ன செய்வது? கோதண்டம், வேலு இருவரில் யார் உயரம் என்பது தெரியாது. ஆயினும் இருவருமே செல்லத்துக்கு மேலே. மற்ற இருவரும் செல்லத்துக்குக் கீழே. ஆகையால் நடுவில் நிற்பது செல்லமே என்று தயங்காமல் சொல்லலாம். வரிசை முழுவதும் தெரியாவிட்டாலும், கேட்ட கேள்விக்கு விடை தெரியலாம். எனவே வினாவின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். கேட்காத கேள்விக்கு விடை தேடுவதில் காலம் போய்விடுகிறது.

சொற்களிலும் கண்ணாயிருக்க வேண்டும். "வேலு ராமுவைவிடக் குட்டையன் அல்லன்" என்றால் அவன் உயரமானவன் என்று முடிவு கட்டலாகாது. இருவரும் சமமாகவும் இருக்கலாம். "வகுப்பில்" என்பதும் "தேறியவர்களில்" என்பதும் ஒன்றல்ல. தேறியவர்களில் ஒருத்தி மேலிருந்து 16-வது, கீழிருந்து 29-வது, ஐவர் தேறவில்லை, அறுவர் பரீக்ஷைக்கே வரவில்லை, வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டால், தேறியவர் 44 என்பதோடு நின்றுவிடக்கூடாது. ஐந்தையும் ஆறையும் சேர்த்து 55 என்று சொல்ல வேண்டும். திசையும் இப்படியே. வடக்கு நோக்கி நிற்பவருக்கு இடப்புறம் மேற்கு. தெற்கு நோக்கி நிற்பவருக்கு இடப்புறம் கிழக்கு. நம்மைப் பார்த்து நிற்பவரின் இடக்கை நம் வலக்கைப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க, கண்ணாடி முன் நிற்கவேண்டிய அவசியமில்லை. எதிரில் ஒருவரை நிறுத்திப் பார்த்தாலே போதும்.

இடம் மாறும் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுவோம். ராமு இடமிருந்து 10-வது, வேலு வலமிருந்து 9-வது. இருவரும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது ராமு இடமிருந்து 15-வது. வேலு இப்போது வலமிருந்து எத்தனையாவது? ஆட்கள் மாறினாலும் இடங்கள் மாறவில்லை என்பதுதான் இதன் சூக்ஷ்மம். ராமு ஐந்து இடம் வலப்புறம் நகர்ந்தான் என்றால், வேலுவும் அதே ஐந்து இடம் இடப்புறம் நகர்ந்திருக்கிறான். ஆகவே 9-உம் 5-உம் சேர்ந்து 14. மொத்தத் தொகையைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை. வேண்டுமானால் சரிபார்க்கலாம்: ராமு இப்போது நிற்கும் இடம் இடமிருந்து 15, வலமிருந்து 9, ஆக மொத்தம் 23. அதில் இடமிருந்து 10-வது, வலமிருந்து 14-வது. சரியே.

இதனால் ஆவதென்ன?

"இவ்வளவு அற்பமான கணக்குக்கு இத்தனை ஆரவாரமா?" என்று சிலர் கேட்கக்கூடும். கணக்கு அற்பம்தான், அதன் விளைவு அற்பமன்று.

போட்டிப் பரீக்ஷை என்னும் வாயில் நம்மவர்க்கு எளிதில் திறந்ததன்று. இந்திய ஸிவில் ஸர்வீஸுக்கு 1855-ல் லண்டனில் போட்டிப் பரீக்ஷை தொடங்கிற்று. அதை எழுத நம் இளைஞர்கள் கடல் கடந்து போகவேண்டியிருந்தது. 1922-ல்தான் அது இந்திய மண்ணிலும் நடக்கத் தொடங்கியது. சென்னையில் 1929-ல் ஸர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. பின்னர் பெயர் மாறி, 1970-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆயிற்று. சிபாரிசுக் கடிதம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நம்பி உத்தியோகத்துக்குப் போகலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெருமை. நெசவாளியின் மகளுக்கு வேறு வாயில் ஏது?

அந்த வாயிலில் இன்று நெருக்கடி எவ்வளவு என்று பாருங்கள். இவ்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு 2024 ஜூன் 9-ம் தேதி நடந்தது. முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லக்ஷத்துக்கு மேல். எழுதியவர்கள் 15 லக்ஷத்துக்கு மேல். வினாக்கள் 200, அவற்றுள் 25 திறனறிவைச் சேர்ந்தவை. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். சில்லறைக் கழிவுகளை ஒதுக்கிவிட்டால், ஒருவர் பெறக்கூடிய மொத்த மதிப்பெண்கள் பூஜ்யம் முதல் முந்நூறு வரை 201 விதந்தான். 15 லக்ஷம் பேரை 201 படிகளில் நிறுத்தினால் ஏதேனும் ஒரு படியிலாவது ஏழாயிரம் பேருக்கு மேல் நின்றே ஆகவேண்டும். இதற்கு ஆணையத்தின் பட்டியலைப் பார்க்கவேண்டியதில்லை. வகுத்துப் பார்த்தாலே போதும். கூட்டம் மிகுந்த படியில் ஒரே ஒரு வினா தவறினால், முன்னே நிற்பவர் தொகை ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். "முன்னே எத்தனை பேர்?" என்ற கேள்வி அப்போது கணக்காக இராது, வாழ்க்கையாகிவிடும்.

வங்கிப் பரீக்ஷையில் காலமும் பகையாகிறது. 2023-ம் ஆண்டில் ஐ.பி.பி.எஸ். நடத்திய குமாஸ்தா முதல்நிலைத் தேர்வில் தர்க்கப் பகுதிக்கு 35 வினாக்கள். காலம் 20 நிமிஷம். வினாவுக்கு முழுசாக 35 விநாடிகூட இல்லை. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆகவே ஒன்றால் தப்பிய விடை, வரவேண்டிய ஒன்றை இழப்பதோடு கையிலுள்ள காலையும் கொண்டுபோகிறது. அப்பெண் சென்ற பரீக்ஷையில் இத்தகைய பிழை இரண்டைத் தவிர்த்திருந்தால் இரண்டரை மதிப்பெண் கூடியிருக்கும். அவளுக்குக் குறைந்தது இரண்டேகால்!

கழிவு உண்டு என்பதற்காக நடுங்கவும் வேண்டாம். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், ஐந்தில் ஒரு தடவை ஒன்று வரும்; நான்கு தடவை கால் கால் போகும்; வரவும் செலவும் சரி. ஆனால் ஐந்தில் இரண்டைத் தப்பென்று நிச்சயமாக நீக்கிவிட்டால், மிச்சம் மூன்றில் ஒரு தடவை ஒன்று வரும். இரண்டு தடவை கால் கால் போகும். மூன்று வினாவுக்கு அரை மதிப்பெண் ஆதாயம். எனவே ஒன்றும் புரியாத இடத்தில் விட்டு நகர்வதும், பாதி புரிந்த இடத்தில் துணிவதும் புத்திசாலித்தனம்.

புத்தியை இவ்விதம் அளப்பது முழு நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லுவோம். 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது, படையில் சேர்ந்த சுமார் 17 லக்ஷம் பேரை இத்தகைய சோதனைகளால் தரம் பிரித்தார்கள். ஆங்கிலம் அறியாத குடியேறிகளும், பள்ளி காணாத ஏழைகளும் அதில் பின்தங்கினார்கள். அதைக் கொண்டு அவர்களைப் பிறவியிலேயே புத்தி குறைந்தவர்கள் என்று முடிவு கட்டியவர்களும் இருந்தார்கள். அந்த முடிவு பிழை என்பதைப் பிற்கால அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். வரிசைக் கணக்கில் தவறியவள் மந்தமானவள் அல்லள். அவள் தந்தை தறியில் சொன்ன வார்த்தையும் புத்தகத்தில் அச்சிட்ட சூத்திரமும் ஒன்றே என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அப்பெண் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கடைசி ஞாயிறன்று கொண்டுவந்த மாதிரித் தாளில் வரிசைக் கணக்கு ஆறு இருந்தன. ஐந்து சரி. ஆறாவதை எழுதாமல் விட்டு, பக்கத்தில் இரண்டு கோடுகள் கிழித்து இரண்டு வரிசைகளைப் போட்டுவைத்திருந்தாள். "இரண்டும் பொருந்துகின்றன, ஐயா. ஆனால் 'போதாது' என்ற விடை இந்தத் தாளில் கொடுக்கப்படவில்லை. புத்தகத்தில்தான் பிழை என்று நினைக்கிறேன்" என்றாள். பார்த்தோம். பிழை புத்தகத்தில்தான்.

அடுத்த மாதம் அவளுக்குப் பரீக்ஷை. முன்னே எத்தனை பேர் நிற்பார்களோ, நாம் அறியோம். ஆனால் அவர்களை எண்ண அவளுக்குத் தெரியும்.

நேயர்களுக்கு இந்த வாரம் இரண்டு கணக்குகள்:

1. ஒரு வரிசையில் வள்ளி இடக்கோடியிலிருந்து 18-வது. முருகன் வலக்கோடியிலிருந்து 21-வது. இருவருக்கும் சரிநடுவில் நிற்கும் கந்தன் இடக்கோடியிலிருந்து 23-வது. வரிசையில் மொத்தம் எத்தனை பேர்?

2. பாரி, ஓரி, காரி, பேகன், நள்ளி என்று வள்ளல்களின் பெயர் கொண்ட ஐந்து சிறுவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். பாரிக்கு முன் இருவர் மட்டுமே வந்தனர். காரியை அடுத்து உடனே வந்தவன் ஓரி. நள்ளி பாரிக்குப் பிறகு வந்தான். பேகன் கடைசியில் வரவில்லை. முதலில் வந்தவன் யார்? கடைசியில் வந்தவன் யார்?

விடைகள் அடுத்த வாரம். அதுவரையில், எங்கே எதை எண்ணினாலும், தொடங்கின இழையைச் சேர்த்தீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.